முதல் ஆசிரியர்

மருத்துவப் படிப்பை மூன்றாம் நாளே விட்டவன் நான். இப்போது வேங்கிக்கால் ஊரில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து, ஒரு மருத்துவக் கல்லூரியின் பாடவேளைப் பட்டியலை மத்திய போர்ட்டலில் ஏற்றுகிறேன். ஐந்து மணிக்குள் ஏறாவிட்டால் வேலை போய்விடும். உடற்கூறு செய்முறை வகுப்புக்கு ஆசிரியர் சகாதேவன் என்று இருந்தது. கல்லூரி எழுத்தர் கீதாஞ்சலியிடம் போனில் கேட்டேன்.

"ஐயோ, அவரு செத்து உடம்பைத் தானமா குடுத்தவருங்க. அறுக்குற உடம்பைத்தான் முதல் ஆசிரியர்னு சொல்லுவாங்க. எந்த அறிவாளியோ அதை அப்படியே டைப் அடிச்சிருக்கான். தூக்கிடுங்க."

நீக்கப் பார்த்தேன். வருகைப் பதிவு உள்ள ஆசிரியரை நீக்க முடியாது என்றது போர்ட்டல்.

பதிவைத் திறந்தேன். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தலைகாட்டும் பேராசிரியர்களுக்கு நடுவே, சகாதேவன் தினமும் காலை 8.58க்குக் கைரேகை வைத்திருந்தார். ஒழுங்காக வந்த ஆள் அவர் ஒருவர்தான். அப்படியே ஏற்றிவிட்டேன்.

வெளியேறிய நேரம் மட்டும் எந்த நாளிலும் இல்லை.