வயதுக்கு ஒரு சுற்று

நாற்பத்தோராவது சுற்றில் கணக்கு வாத்தியாரின் வலது கால் கட்டைவிரல் நகம் ஷூவுக்குள்ளேயே தனிக்குடித்தனம் போய்விட்டது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. உயிர் நண்பரின் பிறந்த நாளாயிற்றே.

"இன்னும் பத்தொன்பதுதான் வாத்தியாரே. பறந்துரலாம்," என்றார் பக்கத்தில் ஓடிய உயிர் நண்பர்.

ஓடிய என்பது மரியாதைக்குச் சொல்வது. வயதுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று மாலை ஆறு மணிக்குத் தொடங்கியவர்கள், இரவு இரண்டு மணிக்கு ஓட்டத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய பனியன் முதுகிலும் பிறந்தநாள்காரரின் படம். யார் பின்னால் போனாலும் அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு போகலாம்.

அவர் அந்த வட்டாரத்துக் கல்வி அதிகாரி. எந்த ஆசிரியர் எந்த ஊரில் குப்பை கொட்ட வேண்டும் என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. திடலில் மட்டும் அவரை சார் என்று கூப்பிடக் கூடாது. 'ஓட்டத்துல எல்லாரும் சமம். என்னைக் கேப்டன்னு கூப்பிடுங்க' என்று அவரே உத்தரவு போட்டிருந்தார்.

வாத்தியாரின் இடுப்புப் பையில், வியர்வை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மாறுதல் விண்ணப்பம் இருந்தது. மனைவியும் மகளும் ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில். நாலு வருஷமாயிற்று. ஆபீசுக்குப் போனால், 'ஐயா மீட்டிங்ல இருக்கார்.' அதற்காகவே மூன்று மாதம் முன்பு ஓட்டக் குழுவில் சேர்ந்தார். அங்கே வாயைத் திறந்தால், 'ஓட்டத்துல ஆபீஸ் பேசக் கூடாது.' போன வாரம்தான் கொஞ்சம் வழி பிறந்தது.

"பிறந்தநாள் ஓட்டம் முடியட்டும் வாத்தியாரே. அப்புறம் மணிக்கணக்கா பேசலாம்," என்றிருந்தார் கேப்டன்.

விளக்குக் கம்பத்தடியில் கேப்டன் நின்று மணி பார்த்தார். ஒரு கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம். மறு கையில் தங்க நிறத்தில் இன்னொன்று.

"புதுசா கேப்டன்?"

"நேத்து ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து குடுத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு."

"அவங்களுக்கா?"

"எனக்குத்தான். அவங்க சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தாங்க."

தொடங்கும்போது குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். பாடப்புத்தக ஆர்டருக்காக இரண்டு வருஷமாகக் கேப்டனோடு ஓடிய அச்சகக்காரர், நடுராத்திரி கேக் வெட்டியதுமே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, பாதியில கிளம்பறீங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"காலையில நீச்சல் கிளாஸ் இருக்கு."

"இந்த வயசுலயா?"

"வேற வழி?" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போட்டி குறைந்தது என்று வாத்தியார் உள்ளுக்குள் மகிழ்ந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு போட்டியாளர் குறைந்தால் தன் வாய்ப்பு எத்தனை சதவீதம் கூடும் என்றுகூட நடந்துகொண்டே போட்டுப் பார்த்தார்.

இன்னும் ஐந்து சுற்று இருக்கும்போது போன் அடித்தது. மனைவி.

"முடிஞ்சுதா?"

"இன்னும் அஞ்சு இருக்கு."

"நிமிஷமா?"

"கிலோமீட்டர்."

"பாப்பாவை ஸ்கூல்ல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். என்னையும் அவளையும் கை கோத்து நிக்கிற மாதிரி வரைஞ்சிருக்கா. உங்களை மட்டும் ஒரு கட்டத்துக்குள்ள போட்டிருக்கா," என்றாள்.

"என்ன கட்டம்?"

"போனுங்க."

வாத்தியார் போனைப் பையில் வைத்துவிட்டு, முழங்காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். திரும்பிப் போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது முப்பத்தைந்தாவது சுற்றிலேயே தெரிந்துபோன விஷயம்.

விடியும்போது கடைசிச் சுற்று முடிந்தது. கேப்டன் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். வாத்தியார் அதை நாலு தடவை படம் எடுத்தார். முதல் மூன்றில் கேப்டனுக்குத் தொப்பை தெரிந்தது.

அதன் பிறகு அப்படியே புல்லில் சரிந்து, உறையைப் பிரித்து, விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டினார். "ஓட்டம் முடிஞ்சிடுச்சு சார். இப்ப பேசலாமா?"

கேப்டன் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "ரொம்ப நியாயம். நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன்."

"நீங்கதானே சார் போடணும்?"

"எத்தனை ரவுண்டு வந்தோம் வாத்தியாரே?"

"அறுபது."

சொன்ன பிறகுதான் வாத்தியாருக்கு அந்த எண் காதில் விழுந்தது. கேப்டன் தங்க நிறக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "இதை எதுக்குக் குடுத்தாங்கன்னு நினைச்சீங்க? நேத்து சாயந்திரத்தோட நான் ரிட்டயர்டு. இனிமே எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம்."

நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. கேப்டன் குனிந்து, பரிவோடு வாத்தியாரின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க. புதுசா வர்றவரு தங்கமான மனுஷன். என்ன, அவருக்கு நீச்சல்னா உயிரு."