டீக்கடைச் சுவருக்குப் பின்னால் ஜீப்

"ஜீப் ஓடட்டும் மதினி, அன்னைக்கே செவுத்த இடிச்சுப்புடுறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் கொழுந்தன் சின்னக்காளை, ஜீப் நின்ற ஷெட்டின் வாசலை அடைத்துத் தன் டீக்கடையைக் கட்டினான். வேலுத்தாயியின் புருஷன் இறந்ததிலிருந்து பதினொரு வருஷமாக அசையாமல் கிடந்த மலை ஜீப் அது. அவள் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே நுழைந்து கார்புரேட்டரைக் கழுவினாள், எலி கடித்த வயர்களை மாற்றினாள், புது பேட்டரி வைத்தாள். மூன்றாம் நாள் காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் சுவர் உறுமியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"மதினி, ரிவர்ஸ் எடுங்க!" என்று கத்தினான் சின்னக்காளை.

"பின்னால பாறைதான இருக்கு. நீ டம்ளர இறக்கி வையி, தம்பி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. முதல் கியர் விழுந்தது.

டீயைக் கையில் பிடித்தபடி எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள்.