கவ்வாத்துக் கத்திச் சடங்கு

"வீரய்யா! ஏய், வீரய்யா!"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி தொண்டை கிழியக் கத்தினார். யாரையோ கூப்பிடுகிறார் என்று ஸ்ரீஸ்கந்தராஜா மடுல்சீமை மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற கணபதி முழங்கையால் ஓர் இடி இடித்தான்.

"அண்ணே, ஒங்களத்தான் கூப்பிடுறாரு!"

அப்போதுதான் வீரய்யா என்பது தான்தான் என்று அவனுக்கு உறைத்தது. "வந்துட்டேங்க!" என்று ஓடினான்.

ஆள் யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, விரிவுரையாளர் வேலைக்குத் தவம் கிடப்பவன். தோட்டத்துக் கல்யாணச் சடங்குகளைப் பற்றி ஆராய்ச்சி எழுதிக் கொடுத்தால்தான் அந்த வேலை.

ஆனால் சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வெளியாளைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் அண்ட விடுவதில்லை. எனவே கங்காணியின் காலைப் பிடித்து, எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அவருடைய அக்கா மகன் வீரய்யாவாக உள்ளே நுழைந்துவிட்டான். கங்காணி இளகின மனசுக்காரர். இப்படி வந்து நிற்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

பேச்சுத்தான் பெரும்பாடு. 'கதைக்கிறன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, "பேசுறேங்க" என்பான்.

லயத்தில் எவரிடம் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே நழுவினார்கள். கணபதி ஒருத்தன்தான் தங்கமான பிள்ளை. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனாம். தோட்டத்துத் தமிழ் அவன் வாயில் அப்படிப் புரண்டது!

இருவரையும் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். முதல் நாளே நாலு உள்ளங்கையும் கொப்பளித்துப் போயின. "மம்பட்டிப் பிடி புதுசுண்ணே, அதான்" என்று கணபதி கையை உதறினான்.

ஸ்ரீஸ்கந்தராஜா மெல்லத் தூண்டில் போட்டான். "ஒங்க பக்கம் கல்யாணமெல்லாம் எப்படிங்க?"

"மாப்பிள்ளை, செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியால ஒரே வெட்டுல ஒரு தேயிலைக் கொப்பை வெட்டணும்ண்ணே. தவறிச்சுன்னா மாமியா சோறு போட மாட்டா!"

தேத்தண்ணி கொண்டுவந்த கங்காணியின் மனைவி இராக்கம்மாவுக்கு அடக்கிய சிரிப்பில் புரையேறிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"ஒங்க பக்கம் எப்படிண்ணே?" என்று கணபதி திருப்பிக் கேட்டான்.

அடக் கடவுளே! எல்லப் பக்கத்துக் கல்யாணத்தை இவன் எங்கே கண்டான்? வேஷம் கலையக்கூடாதே என்று வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டான்.

"பொண்ணு தலையில ஒரு பிடி தேயிலைத் தூளைக் கொட்டுவாங்க. அவ தும்மினாத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்க."

கணபதி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டான். பாவம், இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு மனிதனா என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கே கூச்சமாகிவிட்டது.

மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வந்திருந்த தன் பேராசிரியர் பத்மநாதனைப் போய்ப் பார்த்தான். கவ்வாத்துக் கத்தி என்றதுமே அவர் துள்ளி எழுந்தார்.

"ஐசே, இது ஒருத்தற்ற கண்ணிலயும் படாத சங்கதி! இது ஒண்டு காணும், வேலை உமக்குத்தான். அது சரி, சொன்ன ஆளிட்ட நீர் ஆரெண்டு சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை சேர்."

"அப்ப போய்ச் சொல்லும். அவன் வேண்டாமெண்டால் ஒரு வரியும் எழுதக்கூடாது. ஏழையை ஏமாத்தி எடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். கணபதி கோபித்துக்கொண்டால் வேலை போச்சு. துரையிடம் போய்ச் சொன்னாலோ தோலும் போச்சு. என்றாலும் மறுநாள் கான் வெட்டும் இடத்தில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணபதியின் கையைப் பிடித்தான்.

"கணபதி, நான் வீரய்யா இல்லை. யாழ்ப்பாணத்தான். ஆராய்ச்சிக்காக வேஷம் போட்டு உங்களிட்ட பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் வேண்டாமெண்டால் எழுதினதெல்லாத்தையும் இப்பவே கிழிச்சுப் போடுறன்."

கணபதியின் முகம் வெளுத்தது.

"அப்போ நீங்க தோட்டத்து ஆளே இல்லியா?"

"இல்லை."

"அந்தத் தேயிலைத் தூளு? தும்மலு?"

"அது சும்மா நான் கட்டிவிட்ட கதை."

கணபதி தலையில் கைவைத்துக்கொண்டு கான் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அடப்பாவி! மதராஸ்ல எங்க புரொபசர் அதை அச்சுக்கே குடுத்துட்டாரேய்யா!"