வாசலில் பேசியவர்

"வேற வக்கீல் யாருமே கிடைக்கலையா?"

சிறைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாத்தியார், தன் மனைவியிடம்தான் இதைக் கேட்டார். பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நின்ற வக்கீலம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினேன் தெரியுமா? உங்க பேரைச் சொன்னதும் கதவைச் சாத்துறாங்க. இவங்க ஒருத்தர்தான் உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க." அழுது அழுது மனைவியின் குரல் கம்மிப் போயிருந்தது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கே வாத்தியார்தான். தினமும் சாயங்காலம் நீதிமன்ற வாசல் படியில் நின்று பேசுவார். ஒலிபெருக்கி கிடையாது, கட்சி கிடையாது, கொடி கிடையாது. போகிறவர்கள் சிலர் நின்று கேட்பார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்வார்கள். ஒரு நாள் போலீஸ் வண்டி வந்து அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. பொது அமைதியைக் கெடுத்தார் என்று வழக்கு. வாரக் கணக்கில் உள்ளே கிடந்தார்.

"ஐயா, யாரையாவது அடிக்கச் சொன்னீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"இல்ல."

"வழியை மறிச்சீங்களா? கல்லைத் தூக்கினீங்களா?"

"என் மனசுல பட்டதைச் சொன்னேன். அவ்வளவுதான்."

"மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுடறதா சொல்றாங்க."

"உயிரே போனாலும் எழுத மாட்டேன். நான் சொன்னது நியாயம்."

"சரி, அப்ப வாதாடித்தான் பார்க்கணும்" என்று வக்காலத்துப் பத்திரத்தை வலைக்கு அடியில் தள்ளினாள். கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தள்ளினார். நன்றி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் பெண் வக்கீல்களின் அறைக்குள் அவள் நுழைந்ததுமே பேச்சு நின்றுபோனது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இருட்டு அறை அது. அதை வாங்குவதற்கே அங்கிருந்த சொற்பப் பெண்கள் முட்டி மோத வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் மாடிப்படிக்குக் கீழேதான் சாப்பாடு. கோட்டு மாற்றக்கூட ஒரு மறைவு கிடையாது.

அந்தப் போராட்டத்தில் அவளோடு தோளோடு தோள் நின்ற தோழி, தின்றுகொண்டிருந்ததை அப்படியே வைத்தாள்.

"நிஜமாவே அந்த ஆளுக்காக ஆஜராகப் போறியா?"

"ஆமா."

"உனக்கென்ன பைத்தியமா? எவ்வளவு பாடுபட்டு இங்க கால் ஊனியிருக்கோம். இந்த ஒரு கேஸை எடுத்து எல்லாத்தையும் கெடுத்துக்கப் போறே."

"இந்த ரூமுக்காக நாம எங்க நின்னு கத்தினோம்? அதே வாசல்லதான? அன்னைக்கும் போலீஸ் வண்டி வந்து நின்னுச்சு. நம்மளை ஏத்தாம விட்டாங்க. ஏத்தியிருந்தா?"

"அவரும் நாமளும் ஒண்ணா?"

"சட்டத்துக்கு முன்னாடி ஒண்ணுதான்."

தோழி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு என்ன திட்டினாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவள்தான் வக்கீலம்மா. ஆனால் இது சுருக்கென்று தைத்தது.

விசாரணை நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. அரசு வக்கீல் சுருக்கமாக முடித்தார்.

"இவர் பேச்சு எத்தனையோ பேர் மனசைப் புண்படுத்தியிருக்கு. இவரை வெளியே விட்டா நாளைக்கும் இதையேதான் பேசுவார்."

"பேசுவார் ஐயா, அதுல எனக்கும் சந்தேகமே இல்ல" என்று வக்கீலம்மா எழுந்தாள். எங்கோ சிரிப்புச் சத்தம் கேட்டது. "பேசறது எந்தச் சட்டப்படி குத்தம்னு மட்டும் அரசுத் தரப்பு காட்டட்டும். கேக்கப் பிடிக்காதவங்க நடந்து போயிடலாம். மறுத்துப் பேசணும்னா பக்கத்துப் படியிலயே நின்னு பேசலாம். ஊருக்கே பிடிச்ச பேச்சுக்குக் காவல் எதுக்கு? அரசியல் சட்டத்தை எழுதினவங்க, யாருக்கும் பிடிக்காத பேச்சை மனசுல வெச்சுத்தான் இந்த உரிமையை எழுதியிருக்கணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"அவர் பேசினதை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போறப்ப தினமும் காதுல விழும், ஐயா."

"அதை ஒத்துக்கறீங்களா?"

பின்வரிசையில் தோழி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"நான் ஒத்துக்கறேனா இல்லையாங்கறது இங்க வழக்கு இல்லைங்க."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு, வழக்கு செல்லாது, அவரை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்று படித்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது, வாசல் படியில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். சிறையிலிருந்து நேரே இங்கேதான் வந்திருக்கிறார். "வீட்டுக்குப் போயிடலாங்க" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வக்கீலம்மாவிடம் ஓடிவந்தார். "பாருங்கம்மா, மறுபடியும் ஆரம்பிக்கிறார். நாலு வார்த்தை சொல்லி அனுப்பிடவா?"

"வேண்டாம், பேசட்டும். அதுக்குத்தான இவ்வளவு அலைஞ்சோம்."

வாத்தியார் மனைவியின் கையை விலக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். பிடித்துக்கொண்டு போன அன்று விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்: "பெரியோர்களே, இந்தக் கட்டடத்துக்குள்ள பொம்பளைங்களை வக்கீலா நுழைய விட்டாங்க பாருங்க, அன்னைக்கே நாடு கெட்டுப் போச்சு."