ஒடியாத சேமியா

பாளையங்கோட்டை வீட்டு அடுக்களைத் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மதிய வெயில் கிடக்கிறது. நாளை ஜாய்சிக்கு ஏழு வயது. அவளுடைய அம்மா மரிசெல், குவைத்தில் நர்ஸாக இருந்த பிலிப்பைன்ஸ்காரி. பிறந்தநாள்தோறும் அவள் செய்த பன்சித் என்னும் சேமியாப் பலகாரத்தை, அவள் இறந்தபின் முதல் தடவையாக அப்பா ஹெப்ரான் இன்றே செய்து பார்க்கிறார். அவருடைய அக்கா சாரம்மாள் பழக்கத்தில் சேமியாவை ஒடிக்கப் போகிறாள்.

"ஒடிக்காதிய அத்தை. நீளமா இருந்தாத்தான் ஆயுசு நீளும்னு அம்மா சொல்லிருக்கா."

"ஏட்டி, இம்புட்டு நீளம் இந்தச் சட்டிக்குள்ள எப்படிப் போவும்?"

ஹெப்ரான் சேமியாவைக் கட்டாகக் கொதிநீரில் நிறுத்துகிறார். அழுத்தவில்லை. நீருக்குள் இருக்கும் அடிமுனை முதலில் இளகி வளைகிறது. வளைய வளைய, மேலே விறைத்து நிற்பது தன் பாரத்திலேயே மெல்ல இறங்குகிறது. கடைசி நுனியும் மூழ்கும்வரை மூவரும் ஆவிக்குள் குனிந்து பார்க்கிறார்கள். ஒன்றுகூட ஒடியவில்லை.

"அம்மாவும் இப்படித்தான செய்வா?"

"ஆமாம்மா. அவதான் எனக்குச் சொல்லித் தந்தா."

"அப்போ அம்மா பிறந்தநாளுக்கு யாருப்பா ஒடிச்சது?"

சாரம்மாளின் கை முந்தானையைத் தேடுகிறது. ஹெப்ரான் ஸ்டவ் திரியை இறக்குகிறார். கொதி அடங்கி, ஆவியும் நின்ற பிறகும் சட்டியிலிருந்து அவர் முகத்தை எடுக்கவில்லை.