அகலமான வயர்

செல்லசாமி பழைய கணினிப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கித் தேயிலைத் தோட்டத்துத் தன் லயத்து அறையில் வினோதாவின் முன் வைத்தார்.

“இதுக்கும் டிக்கெட் போடவான்னு கண்டக்டர் கேக்குறான் புள்ள. ஒங்க அத்த பாடி முடிக்கட்டும், அப்புறம் போடுன்னேன்.”

அத்தை என்றது மீனம்மாவை. போன வருடம் இறந்துபோன அவர் மனைவி. மகன் கத்தாருக்குப் போகுமுன் எடுத்த வீடியோவில் மட்டும்தான் மீனம்மா பாடிய குரல் இருந்தது. அந்த வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க், இப்போது வினோதாவின் மடியில்.

அவள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் நாடா போன்ற அகலமான வயர். போன ஞாயிற்றுக்கிழமை அவள் விரல்களை விரித்துக் காட்டிய அதே அகலம்.

இந்த டிஸ்க் பழைய ஐடிஈ வகை, இப்போதுள்ள கணினிகளில் சாட்டா என்ற ஒல்லியான இணைப்புதான் இருக்கும், அவற்றில் இதை நேரே பொருத்த முடியாது என்று சொல்லியிருந்தாள். அத்தனையும் சரி. பக்கத்து லயத்து விஞ்ஞானப் பட்டதாரியான அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.

கொட்டகலைக் கடையில் போய், விரல்களை விரித்துக் காட்டித்தான் இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

வயர் டிஸ்க்கில் சுலபமாகப் பொருந்தியது. தொலைக்காட்சியைத் திரையாக மாற்றி, மின்சாரம் கொடுத்தாள். விசிறி சுற்றியது.

செல்லசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

டிஸ்க் எதுவும் இல்லை என்றது திரை.

அவர் எழுந்து பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு அவளுக்கு ஆறுதல் சொல்வது போல, “இந்த மிஷின்தான் கோளாறு போல. நீ ஏன் புள்ள மொகம் வாடுற? ஹட்டன்ல ஒருத்தர்கிட்ட இன்னொன்னு இருக்காம். அதுலயும் இந்த அகல வயர்தானே இருக்கணும்?” என்றார்.

“ஆமா மாமா.”

அதுவும் சரியான பதில்தான்.

போன ஞாயிறு இந்த டிஸ்க் கணினியோடு வெளியிலிருந்து இணைக்கும் ஒரு சிறிய உறைக்குள் இருந்தது. யூஎஸ்பி வயர் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் சார்ஜரைக் காணவில்லை. அவளுடைய லெப்டொப் சார்ஜரின் முனை அந்தத் துளைக்குள் கச்சிதமாகப் போனது. உறைக்குத் தேவை பன்னிரண்டு வோல்ட். அவளுடைய சார்ஜர் பத்தொன்பது.

அன்று அவர் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுவருவதற்குள், டிஸ்க்கிலிருந்து கிளம்பிய கருகிய வாடை போகட்டும் என்று, கொட்டுகிற மழையில் அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.