நாலு போகஸ் லைட்டு

எழில் விட்ட அறையில் செல்வக்குமாரின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. ஆஸ்பத்திரி வார்டே எட்டிப் பார்த்தது.

"எதுத்தாப்புல பைக் வருதுன்னு தெரியுதுல்ல? டிம் அடிச்சா என்னலே உனக்கு?"

"அடிச்சேங்க்கா. ஹெட்லைட்டு டிம் ஆச்சு. பம்பர்ல மாட்டுன நாலு போகஸ் லைட்டும் அணையல. அதுக்குத் தனி சுவிட்ச்சு. கை போறதுக்குள்ள..."

"பொய் சொன்னே, வாயில பல்லு இருக்காது!"

வயிற்றில் ஒரு மிதி விழுந்தது. அவன் சுவரோடு சரிந்தான்.

நேற்று அந்தியில் ஆனைக்குட்டம் ரோட்டில் அவன் கார் வெளிச்சத்தில் கண் கூசிப்போய்த்தான் எழிலின் தம்பி ஊர்க்காவலன் பைக்கோடு பாலத்துச் சுவரில் மோதினான். வலது கை மூன்று இடத்தில் நொறுங்கிவிட்டது. இனி அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

"சத்தியமாக்கா! டிம் அடிச்சா எல்லாம் சேந்து அணையுற மாதிரி குடுங்கன்னு வயரிங் ஆளுகிட்ட கெஞ்சுனேன். 'நீ எதுக்குலே அணைக்கணும்? எதுக்க வாரவன் ஒதுங்கிப் போகட்டும்'னு பேட்டரியில இருந்து நேரா இழுத்து விட்டுட்டாரு."

எழிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. காலியாக நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி ஓங்கினாள்.

"எவன்லே அவன்? ஆளைக் காட்டு. மொதல்ல அவன் கைய ஒடைச்சுட்டு வந்து உன்னைய வச்சுக்கிடுதேன்."

"அக்கா, போதும்... விடு" என்று கட்டிலிலிருந்து ஊர்க்காவலன் முனகினான்.

செல்வக்குமார் வாயைத் துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தான்.

"அந்தக் கைதான்க்கா மாவுக்கட்டுல கெடக்கு."